பாறைகளின் சாட்சியமும் பிள்ளைகளின் கேள்வியும்



பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் என்று பகலில் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, மாலையில் மக்தபுக்கு வரும் பிள்ளைகள், "ஹஜ்ரத், இதை நம்பலாமா? நம்பினால் ஈமானுக்குக் குறை வருமா?" என்று கேட்கின்றனர். ரிஷிவந்தியம் போன்ற சிற்றூரிலும் இந்தக் கேள்வி எழாத ஆண்டில்லை. பிள்ளை இதை முதலில் வீட்டில்தான் கேட்டிருக்கும். அங்கு கிடைத்த பதில் போதாமல்தான் அது நம்மிடம் வந்திருக்கும்.

நம் வீடுகளில் இதற்குப் பொதுவாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. "அதெல்லாம் அவர்களுடைய கற்பனை, பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடு" என்பது ஒன்று. "விஞ்ஞானிகள் இன்று கண்டுபிடித்தது அனைத்தும் நம் வேதத்தில் அன்றே இருக்கிறது" என்பது மற்றொன்று. முதல் பதில், ஆசிரியர் சொல்வதை மனத்தால் ஏற்காமலேயே கையால் எழுதும் இரட்டை நிலைக்குப் பிள்ளையைப் பழக்குகிறது. இரண்டாவது பதில், மனிதரின் ஆய்வு மாறும்போதெல்லாம் இறைவேதத்தின் பொருளையும் மாற்ற வேண்டிய இக்கட்டில் நம்மை நிறுத்துகிறது. இரண்டையும் சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். எனினும் அந்த ஆய்வாளர்கள் எதைப் பார்த்து இவ்வாறு கூறுகிறார்கள் என்று விசாரிக்கும் உழைப்பை இரு தரப்பாருமே செய்வதில்லை. அந்த விசாரணையைத் தொடங்குவதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊருக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையே போதும்.

மார்க்கம் எண் கூறவில்லை

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிக்கொள்வோம். பூமி இத்தனை ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டது என்று திருக்குர்ஆனில் எங்கும் ஓர் எண் கூறப்படவில்லை. வானங்களும் பூமியும் ஆறு நாட்களில் படைக்கப்பட்டதாக அது கூறுகிறது. அதே வேதம், இறைவனிடத்தில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஆயிரம் ஆண்டுகளைப் போன்றது என்று ஓரிடத்திலும் (22:47), ஐம்பதாயிரம் ஆண்டுகள் அளவுள்ள ஒரு நாளைப் பற்றி வேறோர் இடத்திலும் (70:4) பேசுகிறது. ஆகவே அந்த ஆறு நாட்களை நம் சுவர்க் கடிகாரத்தைக் கொண்டு அளப்பதற்கு நமக்கு ஆதாரம் இல்லை.

பூமிக்கு ஆறாயிரம் ஆண்டுகளே வயது என்னும் கணக்கு கிறித்தவ உலகிலிருந்து வந்தது. அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று கணித்தார். நம்மவர் நூல்களிலும் இத்தகைய கணக்குகள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இமாம் தபரீ (ரஹ்) தம் வரலாற்று நூலில், உலகின் மொத்த காலம் ஏழாயிரம் ஆண்டுகள் என்னும் கருத்துடைய செய்திகளைப் பதிவு செய்துள்ளார். ஆனால் அந்துலூசியாவின் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (ரஹ்), உலகத்தின் வயதுக்குத் திட்டமான எண் எதையும் நாம் கூறுவதில்லை என்ற கருத்தைத் தெளிவாக எழுதினார். அவர் மறைந்தது கி.பி. 1064இல். நிலவியல் என்ற துறை பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இந்தக் கதவை மூடாமல் விட்டுச் சென்ற அறிஞர்கள் நம்மிடம் இருந்தனர்.

மூடாதது மட்டுமன்று, அந்தக் கதவின் வழியே நடந்து போகச் சொல்லும் கட்டளையும் நம்மிடம் இருக்கிறது. பூமியில் பயணம் செய்து, அவன் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைக் கவனிக்குமாறு அல்அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆவது வசனம் நம்மை ஏவுகிறது. படைப்பின் தொடக்கத்தைப் பற்றி அறிய நடந்து போய்ப் பார்க்கச் சொல்லும்போது, பார்க்கத்தக்க தடயங்கள் பூமியில் விடப்பட்டுள்ளன என்பதும் அதில் அடங்கியுள்ளது.

கல்வராயன் மலையின் கருங்கல்

கல்வராயன் மலையில் பெருமளவில் காணப்படும் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறமும், எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பும் கொண்டது. கல் உடைப்போர் பொதுவாகக் கருங்கல் என்றே சொல்வர். இந்தப் பெயரின் வரலாறு சுவையானது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல், சென்னைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக்கல்லையும் சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறைகளையும் ஆராய்ந்து, 1893ஆம் ஆண்டு இப்பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். தமிழகத்துக் கல்லை ஆதாரமாகக் கொண்டு இடப்பட்ட இப்பெயரை இன்று உலகம் முழுவதும் நிலவியலார் வழங்குகின்றனர்.

இந்தப் பாறையில் உள்ள கனிமங்கள் கடும் வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் மட்டுமே உருவாகக் கூடியவை. அத்தகைய அழுத்தம் பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில்தான் உண்டு. ஆகவே இன்று நாம் மலையுச்சியில் காலை வைத்து நிற்கும் கல், ஒரு காலத்தில் பூமியின் அடியாழத்தில் கிடந்தது. அதற்கு மேலே கிடந்த பாறைகள் அனைத்தும் மழையாலும் ஆறுகளாலும் அரிக்கப்பட்டுக் கடலுக்குப் போய்விட்டன. நம் கோமுகி ஆறும் மணிமுத்தா நதியும் இன்றும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு மழைக்காலத்தில் அவை கொண்டு வரும் வண்டல் எவ்வளவு என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். அந்த வேகத்தில் ஒரு மலையின் மேற்கூரை முழுவதும் கரைந்து போக எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். கோடிக் கணக்கான ஆண்டுகள் என்னும் பேச்சு முதன்முதலில் எழுந்தது இத்தகைய எளிய எண்ணங்களிலிருந்துதான்.

பின்னர் துல்லியமான கடிகாரம் கிடைத்தது. இப்பாறைகளில் சிர்கான் என்னும் மிக நுண்ணிய கனிமம் உண்டு. அது படிகமாக உறையும்போது யுரேனியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். காரீயத்தை ஏறத்தாழ முற்றிலும் வெளியே தள்ளிவிடும். உள்ளே சிக்கிய யுரேனியம் சீரான வேகத்தில் சிதைந்து காரீயமாக மாறும். ஆகவே சிர்கானுக்குள் இன்று காணப்படும் காரீயம், அங்கேயே யுரேனியத்திலிருந்து பிறந்தது. எவ்வளவு யுரேனியம் எஞ்சியுள்ளது, எவ்வளவு காரீயம் பிறந்துள்ளது என்று அளந்தால் காலம் தெரிந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. யுரேனியத்தில் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்று பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். மற்றொன்று பாதியாகக் குறைய 70 கோடி ஆண்டுகளே போதும். இரண்டும் வெவ்வேறு வகைக் காரீயமாக மாறுகின்றன. 250 கோடி ஆண்டுகள் கழிந்தால் முதல் வகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஞ்சும். இரண்டாவதில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே எஞ்சும். ஒரே சிர்கானுக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இந்த இரண்டு கடிகாரங்களும் ஒரே காலத்தைக் காட்டினால்தான் ஆய்வாளர் அதனை உறுதியான வயதாக ஏற்கிறார். இரண்டும் மாறுபட்டால், இடையில் ஏதோ பாதிப்பு நேர்ந்திருக்கிறது என்று கொண்டு மேலும் ஆராய்கிறார். கல்வராயன் மலை அடங்கிய இந்த வட தமிழகச் சார்னோகைட் பாறைகளின் வயது இம்முறையில்தான் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்று அறியப்பட்டது.

"கார்பன் முறை ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்யாது, எனவே கோடிக் கணக்கெல்லாம் பொய்" என்றொரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. அதன் முதல் பாதி ஏறத்தாழ சரி. கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகளே ஆவதால், பழம்பாறைகளுக்கு அது பயன்படாது. அதனால்தான் எந்த நிலவியலாளரும் பாறையின் வயதைக் கார்பனைக் கொண்டு கணிப்பதில்லை. அவர்கள் செய்யாத ஒன்றைச் செய்ததாகக் கூறி அவர்களைப் பொய்யராக்குவது, மார்க்கத்தின் பெயரால் செய்யத்தக்க காரியம் அன்று.

கல்லான மரமும் கரை விட்ட கடலும்

உயிரினங்களின் கதையை அறிய மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்கு வர வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில், சங்கராபரணி ஆற்றை ஒட்டிய திருவக்கரையில் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. பிரெஞ்சுப் பயணியான சொன்னெரா என்பவர் 1781ஆம் ஆண்டிலேயே இக்கல்மரங்களைப் பற்றி எழுதினார். அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. மணலுக்குள் புதையுண்ட மரத்தில் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, மரத்தின் நுண்ணறைகள் ஒவ்வொன்றையும் கல்லாக மாற்றியது. அதனால் மெல்லிய சீவலை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் மரத்தின் உள்ளமைப்பு இன்றும் தெரிகிறது. எந்த மரக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் கூற முடிகிறது.

அந்த மரங்களுக்குக் கிளைகள் இல்லை, வேர்கள் இல்லை, பட்டையும் இல்லை. இதிலிருந்து ஆய்வாளர்கள், இம்மரங்கள் அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் உருண்டு வந்து அங்கே புதையுண்டவை என்று முடிவு செய்தனர். இருப்பது மட்டுமன்றி இல்லாததும் சாட்சி சொல்கிறது. பிள்ளைகளுக்குக் கற்றுத்தர இதைவிட நல்ல பாடம் அரிது.

தெற்கே வெள்ளாற்றைக் கடந்து பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குள் சென்றால் பழைய கடலின் தரையிலேயே நடக்கலாம். இந்தியா அன்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பரப்புகளோடு ஒன்றாக இருந்து பிரிந்தபின், கிழக்குக் கரையில் தாழ்ந்த பகுதிகளுக்குள் கடல் புகுந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து 6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை அக்கடல் முன்னேறியும் பின்வாங்கியும் விட்டுச் சென்ற படிவுகள் அங்கே அடுக்கடுக்காக உள்ளன. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஹென்றி பிளான்ஃபோர்டு அவற்றை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்து 1862ஆம் ஆண்டு வெளியிட்டார். அந்த அறிக்கையின் தலைப்பிலேயே தென்னார்க்காடு என்ற பெயர் இருக்கிறது. நம் கள்ளக்குறிச்சி அன்று அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். அங்குக் கிடைத்த சிப்பிகளையும் சுருள் ஓடுகளையும் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா என்ற அறிஞர் 1873 வரை பல தொகுதிகளில் வகைப்படுத்தி எழுதினார்.

அவர் பதிவு செய்தவற்றுள் முதன்மையானவை அம்மோனைட்டுகள். நத்தையின் ஓட்டைப் போலச் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிரினங்கள் அவை. ஒவ்வோர் இனமும் குறுகிய காலமே வாழ்ந்து மறைந்தது. ஆனால் பல கடல்களிலும் பரவியிருந்தது. அதனால் ஐரோப்பாவின் ஒரு பாறை அடுக்கிலும் அரியலூரின் ஓர் அடுக்கிலும் ஒரே இனம் கிடைத்தால், இரண்டும் ஒரே காலத்தில் படிந்தவை என்று அறியலாம். மேலடுக்குகளில் ஏறிக்கொண்டே போனால் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இவை அறவே நின்றுவிடுகின்றன. அதே எல்லையில் டைனோசர்களும் உலகெங்கும் மறைகின்றன. ஒரு பெரும் சமுதாயம் எழுந்து, பெருகி, பின் சுவடு மட்டும் விட்டுச் சென்ற வரலாறு அங்கே கல்லில் கிடக்கிறது. முன் சென்றவர்களின் முடிவைப் பார்க்கச் சொல்லும் வேதத்தை ஓதுகிறவர்கள், அந்த அடுக்குகளின் முன் நின்றால் கண் கலங்காமல் திரும்ப மாட்டார்கள்.

அந்தக் கடல் நம்மைவிட்டு வெகுதூரம் போய்விடவும் இல்லை. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் அமைந்ததற்குக் காரணமே, அக்கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகள் படிந்து உருவான சுண்ணாம்புக்கல்தான். நம் வீட்டுச் சுவரிலும் பள்ளிவாசலின் மினாராவிலும் அவற்றின் துகள் இருக்கக்கூடும்.

அறிவிப்பாளர் வரிசையை அறிந்தவர்களுக்கு

மதரஸாவில் ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இந்த ஆய்வு முறை அந்நியமாகத் தோன்றுவதற்கில்லை. ஒரு செய்தி நம்மிடம் வந்தால், அது அழகாக இருக்கிறதா என்று நாம் முதலில் பார்ப்பதில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சந்தித்தவர்களா என்றே பார்க்கிறோம். இடையில் ஒருவர் விடுபட்டிருந்தால் தொடர்பு அறுந்த செய்தி, அதாவது முன்கதிஃ என்று குறிக்கிறோம். ஒன்றோடொன்று கலந்து பேசி வைத்துக்கொள்ள முடியாத பலர், பல வழிகளில் ஒரே செய்தியைச் சொன்னால் அதனை முதவாத்திர் என்று உயர்ந்த தரத்தில் வைக்கிறோம்.

நிலவியலாளரும் இவ்வாறே நடந்துகொள்கிறார். கலைக்கப்படாத அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்பது அவருடைய முதல் விதி. நிக்கோலஸ் ஸ்டெனோ 1669ஆம் ஆண்டு இதனை எழுதினார். அரியலூர்ப் பகுதியில் பல இடங்களில் கடற்படிவுகள் நேரடியாக மிகப் பழைய அடிப்பாறையின் மீதே அமர்ந்துள்ளன. இடையில் நூறு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் பக்கங்கள் அங்கே இல்லை. ஆய்வாளர் அந்த இடைவெளியை மறைப்பதில்லை. வரைபடத்தில் கோடிட்டுக் காட்டுகிறார். அது அவருடைய முன்கதிஃ. வெவ்வேறு வேகத்தில் சிதையும் தனிமங்கள் தனித்தனியே அளக்கப்பட்டு ஒரே வயதைக் காட்டும்போது, அது ஏறத்தாழ முதவாத்திரின் நிலைக்கு வருகிறது. பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள் என்னும் இன்றைய கணக்கும் அவ்வாறு நிலைபெற்றதுதான். கிளேர் பேட்டர்சன் 1956ஆம் ஆண்டு விண்கற்களில் உள்ள காரீயத்தைக் கொண்டு அறிவித்த வயதைப் பிந்தைய ஆய்வுகள் வெவ்வேறு வழிகளில் உறுதிப்படுத்தின.

பலவீனமான செய்தியைப் பலவீனமானது என்று தள்ளி வைக்கும் நேர்மையும் அத்துறையில் உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுப் பகுதியில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பிருஹத்காயோசாரஸ் என்னும் பேருருவ டைனோசரை அறிவித்தனர். நிலத்தில் வாழ்ந்த உயிரினங்களிலேயே மிகப் பெரியவற்றுள் அது ஒன்றாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. ஆனால் அந்த எலும்புகள் பின்னர் பொடிந்து போயின. மறு ஆய்வு செய்ய இயலவில்லை. நம் மாநிலத்துக்குப் பெருமை சேர்க்கும் செய்தி என்பதற்காக உலக அறிஞர்கள் அதனை உறுதியான பட்டியலில் சேர்த்துவிடவில்லை; ஐயத்துக்குரியது என்றே நெடுங்காலம் வைத்துள்ளனர்.

2020ஆம் ஆண்டு அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை வடிவக் கற்கள் வெளிப்பட்டபோது, அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி ஒரே நாளில் கைப்பேசிகளில் பரவியது. நிலவியலறிந்தோர், அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் சார்ந்த கடற்படிவுகள் என்று விளக்கினர். அந்த விளக்கம் முதற்செய்தி சென்ற தொலைவில் பாதி தொலைவுகூடச் சென்றிருக்குமா என்பது ஐயமே. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று கட்டளையிடும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை (49:6) ஓதும் நாமும் அன்று பொத்தானை அழுத்திப் பகிர்ந்தவர்களுள் இருந்தோம் என்றால், அது வெட்கத்துக்குரியது.

இவ்விரண்டு கலைகளும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஹதீஸ் கலை நமக்கு ஹலால் ஹராமை உணர்த்துகிறது. கல் எதையும் ஏவுவதுமில்லை, விலக்குவதுமில்லை. கல் பொய் சொல்லாது. எனினும் அதை வாசிக்கும் மனிதர் தவறக் கூடும். சாட்சியத்தை மதிப்பிடும் ஒழுக்கம் மட்டும் இரண்டுக்கும் பொது. அந்த ஒழுக்கத்தை ஆயிரம் ஆண்டுகளாகப் போற்றி வரும் சமுதாயம், பிறர் அதையே கல்லின் மீது பயன்படுத்தும்போது ஏளனம் செய்வது பொருந்தாது.

முன்னோர் நடந்த வழி

இது நமக்குப் புதிய வழியும் அன்று. ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனீ (ரஹ்), வட இந்தியச் சமவெளியில் தோண்டப்பட்ட மண்ணைக் கவனித்தார். மலையருகே பெரிய உருண்டைக் கற்கள், தொலைவில் சிறியவை, கடலை நெருங்கும்போது மணல் என்று அவை அமைந்திருப்பதைக் கண்டு, இந்நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று முடிவு செய்தார். இன்றைய நிலவியலார் அந்த வாதத்தைப் படித்தால் தம்மவர் ஒருவர் பேசுவதாகவே உணர்வர். அவர் காலத்தவரான இப்னு ஸீனா, சிறு வயதில் ஜைஹூன் ஆற்றங்கரையில் தாம் பார்த்த களிமண், ஏறத்தாழ 23 ஆண்டுகள் கழித்து மென்கல்லாக இறுகியிருந்ததைப் பதிவு செய்தார். மலைகள் உருவாகும் விதம், செடிகளும் உயிரினங்களும் கல்லாகும் விதம் ஆகியவற்றையும் தம் நூலில் ஆராய்ந்தார். அந்தப் பகுதி லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டபோது, அதனை அரிஸ்டாட்டிலின் எழுத்து என்றே ஐரோப்பியர் நெடுநாள் கருதினர்.

இவர்கள் வேத வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதற்குள் நிலவியலைத் தேடியவர்கள் அல்லர். வேதம் பார்க்கச் சொன்னது. அவர்கள் பூமியைப் பார்த்தார்கள். "எல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது" என்று கூறி உட்கார்ந்திருப்பவர் எதையும் கண்டறிய மாட்டார். வேதம் நேர்வழிக்கான நூல். அதன் உண்மையை நிறுவ இன்றைய ஆய்வறிக்கை எதுவும் தேவையில்லை. நாளைய ஆய்வறிக்கை வந்து அதைக் குலைத்துவிடுமோ என்ற அச்சமும் நமக்கு வேண்டியதில்லை.

மனித குலத்தின் தோற்றம், ஆதம் (அலை) அவர்களின் படைப்பு ஆகியவை பற்றிய கேள்வி வேறு. அதற்கென்று வஹீயின் தெளிவான அறிவிப்புகள் உள்ளன. உலமாக்களிடையே விரிவான ஆய்வும் நடந்து வருகிறது. அந்தக் கேள்வியின் மீதுள்ள அச்சத்தால், பூமியின் வயது, கடலின் நகர்வு, மறைந்துபோன உயிரினங்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்து மறுத்துவிடுவது அறிவுடைமை ஆகாது. பிள்ளை கேட்ட கேள்விக்கே பதில் சொல்வோம். கேட்காத கேள்வியைக் காட்டி அதன் வாயை அடைக்க வேண்டாம்.

நாம் செய்யத்தக்கவை

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இந்தக் கேள்வியோடு வந்தால் முதலில் மகிழுங்கள். தாம் படிப்பதையும் தாம் நம்புவதையும் ஒரே மனத்தில் வைத்துப் பார்க்க முயலும் பிள்ளைதான் இதைக் கேட்கும். தெரியாததைத் தெரியாது என்று கூறுங்கள். சேர்ந்து தேடுவோம் என்று கூறுங்கள். வாயடைக்கப்பட்ட பிள்ளை கேள்வியைக் கைவிடுவதில்லை. கல்லூரிக்குச் சென்றபின் வேறொருவரிடம் கேட்கிறது. அங்கே கிடைக்கும் பதிலில் மார்க்கத்துக்கு இடமே இல்லாமல் போகலாம். நாம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவி நிலவியல் படிக்க விரும்பியபோது, "அது தீனுக்கு எதிரான படிப்பு" என்று உறவினர்கள் தடுத்ததைக் கேள்விப்பட்டோம். நம் பகுதியின் பெரும் துன்பம் தண்ணீர். இந்தக் கடினப் பாறையில் நீர் ஊறுவது வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே. அவை எங்கே உள்ளன என்று அறியாமல், குச்சி பிடித்துப் பார்ப்பவரின் சொல்லை நம்பிக் கடன் வாங்கி போர் போட்டு, புழுதி மட்டுமே கண்ட குடும்பங்கள் எத்தனை! 250 கோடி ஆண்டுப் பாறையை வாசிக்கக் கற்ற ஒரு பெண், அந்தக் குடும்பங்களுக்குச் செய்யக்கூடிய உதவி பெரும் ஸதகாவாகும். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை கற்பிக்கப்படுகிறது. எதுவும் எட்டாத தொலைவில் இல்லை.

ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்கின்றன. அடுத்த முறை திருவக்கரைக்கோ, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கும் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூருக்கோ, அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியில் அல்அன்கபூத் வசனத்தை ஓதிப் பொருள் கூறுங்கள். அங்கே கிடக்கும் கல்லை நினைவுக்காகப் பெயர்த்து வர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இருந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்ட புதைபடிவம், அறிவிப்பாளர் பெயர் தொலைந்த செய்தியைப் போன்றது. அது எந்த அடுக்கில் கிடந்தது என்பது மறைந்துவிட்டால், அதன் சாட்சியத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். அது நமக்குப் பின் வருவோரின் அமானிதமும் ஆகும்.

படைத்தவனை அஞ்சுவோரின் கண்களுக்குப் படைப்பைக் காணும் தெளிவையும், நம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு நேர்மையான பதில் கூறும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.